பயணத்துக்கு எந்தக் கையடக்க கேம்? – ஒரு வாட்-அவர் கணக்கு

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது செயற்கைக்கோள் பற்றி எழுது, ரோபோ பற்றி எழுது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எங்கள் விடுதியில் மெஸ் சாம்பாருக்கு அடுத்தபடியாக அதிகச் சண்டை நடந்த விஷயம் எதுவோ அதைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். வேலை கிடைத்து, மாதத்தில் பாதி நாளை ரயிலிலும் பஸ்ஸிலும் கழிக்கப்போகிற ஒருவர் கையில் எடுத்துப்போக எந்த கேம் கருவி வாங்குவது?

சிரிக்க வேண்டாம். நம் பாலிடெக்னிக்கிலிருந்து வெளியே போகிறவர்களில் பலருக்கு முதலில் கிடைப்பது சர்வீஸ் வேலை, இல்லையென்றால் சைட் வேலை. லிப்ட், ஜெனரேட்டர், யூ.பி.எஸ்., டவர் என்று எதையாவது நிறுவவோ பழுது பார்க்கவோ மாநிலம் விட்டு மாநிலம் அனுப்புவார்கள். சென்னையிலிருந்து டில்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் ஏறத்தாழ 33 மணி நேரம். கன்னியாகுமரிக்கும் திப்ரூகருக்கும் இடையே ஓடும் விவேக் எக்ஸ்பிரஸோ 4,100 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. மூன்று ராத்திரி ரயிலிலேயே கழியும். எவ்வளவு நேரம்தான் ஜன்னல் வழியாக மாட்டையும் மரத்தையும் எண்ணிக்கொண்டிருப்பது?

“போன் இருக்கே, அதுலயே ஆடிட்டுப் போக வேண்டியதுதானே” என்று கேட்பீர்கள். எங்களுக்கு இரண்டு வருஷம் சீனியரான அண்ணன் ஒருவர் அப்படித்தான் போனார். ராத்திரி இரண்டரை மணிக்கு நாக்பூரில் இறங்கும்போது போன் செத்துக் கிடந்தது. லாட்ஜ் விலாசம், சைட் இன்சார்ஜ் நம்பர், அடையாள அட்டை, பணம், எல்லாமே அதற்குள். இந்தியும் அரைகுறை. டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தாராம். ஊரில் அவர் அம்மா ராத்திரி முழுக்கப் போன் போட்டுப் போட்டு அழுதிருக்கிறார்கள். பொங்கல் லீவில் விடுதிக்கு வந்தபோது அவரே சொன்னார்: “கேமுக்கு ஒரு பேட்டரி, போனுக்கு ஒரு பேட்டரின்னு தனியா வெச்சுக்கங்கடா தம்பிகளா.”

அடுத்தது பணம். 2019-இல் திருத்திய விதிப்படி டிப்ளமோ அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய் என்று வைத்தார்கள். 2023 ஜூலையில் ஆசஸ் நிறுவனம் ஆர்.ஓ.ஜி. அல்லை என்ற கையடக்கக் கருவியை இந்தியாவில் இறக்கியபோது விலை 69,990 ரூபாய். வகுத்துப் பாருங்கள், சாப்பிடாமல் கொள்ளாமல் சேர்த்தால்கூட எட்டே முக்கால் மாதம். அவ்வளவு காசு போட்டு வாங்கின சாமான் காட்பாடி தாண்டுவதற்குள் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனால் வயிறு எரியுமா எரியாதா?

ஆகவே விளம்பரத்தில் போடுகிற பிராசஸர் பெயரையும் கிராபிக்ஸ் பெருமையையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, நாம் லேபில் கற்ற கணக்கை வைத்தே இதைப் பார்ப்போம்.

கட்டை போட்ட காலம்

இந்தச் சண்டை புதுசு இல்லை. 1989-இல் நின்டென்டோ கம்பெனி கேம் பாய் என்ற கருவியை ஜப்பானில் வெளியிட்டது. அதே வருஷம் அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி லிங்க்ஸை வெளியிட்டது. 1990-இல் சேகா கம்பெனியின் கேம் கியர் வந்தது. லிங்க்ஸும் கேம் கியரும் கலர். பின்னால் விளக்கு எரியும் திரை. கேம் பாயோ பச்சை பாய்ந்த திரையில் நாலே நாலு நிற அளவு. 160-க்கு 144 புள்ளிகள். விளக்கே கிடையாது. கடையில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கேம் பாயை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் பேட்டரியைப் பாருங்கள். கேம் பாய்க்கு நாலு பென் டார்ச் கட்டை. அது இழுப்பது 0.7 வாட். அதனால் 15 மணி நேரம்போல ஓடும். கேம் கியருக்கு ஆறு கட்டை. திரைக்குப் பின்னால் எரிந்த சின்ன டியூப் லைட் கரண்டைக் குடித்ததால் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம்தான். இதை நம் டில்லி ரயிலில் வைத்துப் பார்ப்போம். 33 மணி நேரமும் விடாமல் ஆடுவதாக வைத்துக்கொண்டால் (ஆடக்கூடாது, கணக்குக்காகச் சொல்கிறேன்) கேம் பாய்க்கு மூன்று செட், அதாவது 12 கட்டை போதும். கேம் கியருக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு செட் என்று வைத்தாலும் ஒன்பது செட், 54 கட்டை! கேமுக்கு ஒரு பை, கட்டைக்கு ஒரு பை என்று தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

கேம் பாயும் அதன் கலர் தம்பியும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றன. கேம் கியர் ஒரு கோடியை ஒட்டி நின்றுவிட்டது. கேம்கள் நன்றாக அமைந்ததும், விலை குறைவாக இருந்ததும் காரணம்தான். ஆனாலும் கையில் எடுத்துப்போகிற சாமான் போகிற இடம்வரை ஓட வேண்டும் என்பதை ஜனங்கள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் 1980-இல் கேம் அண்ட் வாட்ச் கருவி அவருக்குத் தோன்றியது என்று சொல்வார்கள். பழகித் தேய்ந்த, மலிவான தொழில்நுட்பத்தை எடுத்து அதைப் புதிய வழியில் பயன்படுத்து என்பது அவருடைய கொள்கை. இந்தக் கட்டுரையில் இதற்கு மேல் தத்துவம் கிடையாது, பயப்பட வேண்டாம். இன்னொரு சேதி மட்டும்: 1991 வளைகுடாப் போரின்போது தீயில் கருகி, வெளிக்கூடு உருகிப்போன ஒரு கேம் பாய் பிறகும் ஓடியது. அதை நியூயார்க்கில் உள்ள அந்தக் கம்பெனிக் கடையில் பல வருஷம் காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

எம்.ஏ.ஹெச். என்று ஏமாற வேண்டாம்

இப்போதைய கருவிகளில் கட்டை கிடையாது. உள்ளே லித்தியம் பேட்டரி. அட்டைப் பெட்டியில் 4310 எம்.ஏ.ஹெச்., 5220 எம்.ஏ.ஹெச். என்று போட்டிருப்பார்கள். எம்.ஏ.ஹெச். மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு கருவிகளை ஒப்பிடக் கூடாது. வோல்ட் வேறுபட்டால் எல்லாமே மாறிவிடும். சில கருவிகளில் ஒரு செல், சிலவற்றில் இரண்டு செல் தொடரில். எனவே வாட்-அவருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எம்.ஏ.ஹெச்.-ஐ வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-அவர். அந்த வாட்-அவரைக் கருவி இழுக்கும் வாட்டால் வகுத்தால் எத்தனை மணி நேரம் ஓடும் என்பது வரும். முதல் வருஷப் பையன்கூடப் போடுகிற கணக்கு. ஆனால் 70 ஆயிரம் ரூபாய்ச் சாமான் வாங்கும்போது யாரும் போடுவதில்லை.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நின்டென்டோ சுவிட்ச் லைட் 2019-இல் வந்தது. எடை 275 கிராம், திரை 5.5 அங்குலம். பேட்டரி 3570 எம்.ஏ.ஹெச்., 3.8 வோல்ட், ஆக 13.6 வாட்-அவர். மூன்றிலிருந்து ஏழு மணி நேரம் ஓடும் என்பது கம்பெனி கணக்கு. திருப்பி வகுத்தால் அது இழுப்பது சுமார் இரண்டு வாட்டிலிருந்து நாலரை வாட்வரை. 2021-இல் வந்த சுவிட்ச் ஓ.எல்.இ.டி. மாடல் 420 கிராம், 7 அங்குலத் திரை, 16 வாட்-அவர், நாலரையிலிருந்து ஒன்பது மணி நேரம். 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2 பெரிய ஆள். 7.9 அங்குலத் திரை, பக்கவாட்டுக் கைப்பிடிகளோடு 534 கிராம், 5220 எம்.ஏ.ஹெச். பேட்டரி. படம் அழகாக இருக்கிறது. ஆனால் ஓடும் நேரம் இரண்டிலிருந்து ஆறரை மணி என்று கம்பெனியே ஒப்புக்கொள்கிறது.

இன்னொரு ஜாதி இருக்கிறது. கம்ப்யூட்டரையே கைக்குள் அடக்கியவை. வால்வ் கம்பெனியின் ஸ்டீம் டெக் 2022-இல் வந்தது, 40 வாட்-அவர், 669 கிராம். 2023 கடைசியில் வந்த அதன் ஓ.எல்.இ.டி. மாடலில் பேட்டரி 50 வாட்-அவர், எடை 640 கிராம், ஓடும் நேரம் மூன்றிலிருந்து பன்னிரண்டு மணி. அப்படியென்றால் நாலு வாட்டிலிருந்து கிட்டத்தட்ட 17 வாட்வரை இழுக்கிறது. நான் முதலில் சொன்ன ஆசஸ் கருவியில் 40 வாட்-அவர், 608 கிராம். அதன் பிராசஸரை 10 வாட், 15 வாட், 25 வாட் என்று மூன்று நிலையில் ஓட்டலாம். 25 வாட்டில் ஓட்டினால் திரை, மெமரி, பேன் எல்லாம் சேர்ந்து 35 வாட் பக்கம் வரும். 40-ஐ 35-ஆல் வகுங்கள். ஒரு மணி, பத்து நிமிஷம்! இதை அந்தக் கம்பெனியே உணர்ந்ததால்தானோ என்னவோ, 2024-இல் வெளியிட்ட அடுத்த மாடலில் பேட்டரியை இரட்டிப்பாக்கி 80 வாட்-அவர் வைத்தார்கள். எடை 678 கிராமாக ஏறியது. லெனோவாவின் லீஜியன் கோ 8.8 அங்குலத் திரையோடு 854 கிராம். ஏறக்குறைய ஒரு கிலோ. அப்பர் பெர்த்தில் மல்லாந்து படுத்து முகத்துக்கு மேலே பிடித்து ஆடும்போது கண் அசந்தால் மூக்கு நசுங்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எடையைக் கடையில் நின்றுகொண்டு பார்க்காமல் கையை மேலே தூக்கிப் பத்து நிமிஷம் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

இப்போது முழுக்கணக்கு. 33 மணி நேர ரயிலில் தூக்கம், சாப்பாடு, எதிர் சீட் தாத்தாவின் கதை எல்லாம் போக எட்டு மணி நேரம் ஆடுகிறோம் என்று வைப்போம். பையில் 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் ஒன்று. உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட், ஆகவே 37 வாட்-அவர். வோல்டேஜ் ஏற்றி இறக்குவதில் வீணாவது போக 30 கையில் கிடைக்கும் என்று கொள்ளலாம்.

சுவிட்ச் லைட் சராசரி மூன்று வாட் இழுத்தால் எட்டு மணிக்கு 24 வாட்-அவர். அதன் சொந்த பேட்டரி 13.6. மீதி பத்தரையைப் பவர் பேங்க் தரும். அப்புறமும் பவர் பேங்கில் 19 வாட்-அவருக்கு மேல் பாக்கி. 5000 எம்.ஏ.ஹெச். போன் ஒன்றைக் காலியிலிருந்து முழுசாக ஏற்ற அது போதும். நாக்பூரில் இறங்கினாலும் கவலை இல்லை. ஸ்டீம் டெக் ஓ.எல்.இ.டி. பத்து வாட் இழுத்தால் 80 வாட்-அவர் வேண்டும். சொந்தமாக 50, பவர் பேங்க் முழுசும் 30, சரியாக முடிந்துவிட்டது. போனுக்கு ஒன்றும் மிச்சம் இல்லை. ஆசஸின் 40 வாட்-அவர் கருவியில் பெரிய கேம் ஒன்றை 20 வாட்டில் ஆடினால் 160 வேண்டும். 120 வெளியிலிருந்து வர வேண்டும். அதற்கு 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் இரண்டு! 1990-இன் 54 கட்டை நினைவுக்கு வருகிறதா?

“கோச்சிலதான் பிளக் பாயிண்ட் இருக்கே” என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது. அதன் பக்கத்தில் 110 வோல்ட் என்று எழுதியிருக்கும். அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பயமில்லாமல் மாட்டலாம். ஆனால் ஸ்லீப்பர் பெட்டியில் நம் பெர்த் ஒரு மூலையில், பாயிண்ட் ஒரு மூலையில். அதில் ஏற்கெனவே நாலு பேர் போன் வரிசையில் நிற்கும். ஸ்டீம் டெக் அடாப்டர் 45 வாட், ஆசஸின் அடாப்டர் 65 வாட். மொபைலுக்கு என்று வைத்த பாயிண்டில் 65 வாட் அடாப்டரை மணிக்கணக்கில் தொங்கவிடுவது நல்லதல்ல, எட்டாத இடத்தில் 70 ஆயிரம் ரூபாய்ச் சாமானை விட்டுவிட்டுத் தூங்கவும் முடியாது. ஆகவே பாயிண்ட் கிடைத்தால் லாபம், கிடைக்காது என்று வைத்தே கணக்குப் போட வேண்டும்.

விமானத்தில் அனுப்பும் பாக்கியசாலிகளுக்கு ஒரு வரி. பவர் பேங்கைக் கைப்பையில்தான் எடுத்துப்போக வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. 100 வாட்-அவருக்கு மேல் போனால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 20,000 எம்.ஏ.ஹெச். என்பது 74 வாட்-அவர், தாராளமாகப் போகலாம். 27,000 என்றால் 99.9, அதனால்தான் அந்த அளவில் நிறையப் பவர் பேங்க் செய்கிறார்கள். 2025-இல் சில வெளிநாட்டு விமான நிறுவனங்கள், பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே கூடாது என்று தடை போட்டன. அங்கே கருவியின் சொந்த பேட்டரி ஒன்றுதான் துணை.

வெயில், தூசி, கார்பன் பாதை

பேட்டரிக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது நம் ஊர் வெயில். 2022 ஜூலையில் ஐரோப்பாவில் வெப்ப அலை அடித்தபோது வால்வ் கம்பெனி ஒரு எச்சரிக்கை விட்டது. சுற்றுப்புற வெப்பம் 0-இலிருந்து 35 டிகிரிவரை இருந்தால்தான் ஸ்டீம் டெக் நன்றாக வேலை செய்யும். உள்ளே சிப் 100 டிகிரியைத் தொட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 105-இல் தானாக அணைந்துவிடும் என்றார்கள். சுவிட்சுக்கும் உச்சவரம்பு 35 டிகிரிதான். சித்திரை மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு ஓங்கோல் பக்கம் ரயில் ஓடும்போது ஸ்லீப்பர் பெட்டிக்குள் 35 டிகிரி என்றால் நாம் சந்தோஷப்படுவோம்! அந்த நேரத்தில் அதிக வாட் இழுக்கும் கருவிதான் முதலில் தடுமாறும், ஏனென்றால் இழுக்கிற ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். 17 வாட்டை வெளியேற்றப் பேன் வேண்டும், காற்றுத் துவாரம் வேண்டும். துவாரம் வழியே தூசியும் போகும். போர்வைக்குள் வைத்து ஆடினால் துவாரம் அடைத்துக்கொள்ளும். மூன்று வாட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. (சுவிட்சிலும் சின்ன பேன் உண்டு.) சூட்டோடு சூடாகச் சார்ஜும் போட்டால் லித்தியம் பேட்டரியின் ஆயுசு குறையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜன்னலோர வெளிச்சம் இன்னொரு விஷயம். கேம் பாயின் விளக்கில்லாத திரை வெயிலில்தான் நன்றாகத் தெரியும், ராத்திரியில் தெரியாது. இப்போதைய திரைகள் நேர் எதிர். வெளிச்ச அளவில் பழைய ஸ்டீம் டெக் 400 நிட்ஸ், ஓ.எல்.இ.டி. டெக் 600 நிட்ஸ். பகலில் அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் வெளிச்சத்தைக் கூட்டினால் வாட்டும் கூடும். மறுபடி கணக்குப் போட வேண்டும்.

அடுத்தது குச்சி, அதாவது அனலாக் ஸ்டிக். பெரும்பாலான கருவிகளில் இது நாம் முதல் வருஷம் லேபில் பார்த்த பொட்டென்ஷியோமீட்டரேதான். கார்பன் பாதையின் மேல் ஒரு வைப்பர் உரசிக்கொண்டு போகும். தேய்ந்தாலோ தூசி புகுந்தாலோ கை வைக்காமலே ஆள் ஒரு பக்கமாக நடக்க ஆரம்பித்துவிடுவான். சுவிட்சின் ஜாய்-கான் கைப்பிடிகளில் இந்தத் தொல்லை ரொம்பப் பிரசித்தம்; 2019-இல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். காந்தப் புலத்தை வைத்து அளக்கும் ஹால் எபெக்ட் குச்சியில் உரசல் இல்லாததால் இந்தத் தேய்மானம் இல்லை. லீஜியன் கோவில் அதை வைத்திருக்கிறார்கள். இங்கேதான் நான் இதுவரை புகழ்ந்த சுவிட்ச் லைட்டின் பலவீனம் வெளியே வருகிறது. மற்ற சுவிட்சில் குச்சி கெட்டால் கைப்பிடியைக் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். லைட்டில் குச்சி உடம்போடு ஒட்டியது. கருவியையே திறக்க வேண்டும். டிவியிலும் மாட்ட முடியாது.

திறந்து குச்சி மாற்றுவது நம்மால் முடியாத காரியம் இல்லை. ஒரு ரிப்பன் கேபிள், சில திருகாணிகள். ஆனால் அந்தக் கம்பெனி மூன்று கால் திருகாணி போட்டிருக்கிறது, சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போகாது. அதற்கான டிரைவர் தனியாக வாங்க வேண்டும். வாரண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவிட்ச் 2017-இல் வந்தபோதும் சரி, ஸ்டீம் டெக் 2022-இல் வந்தபோதும் சரி, இந்தியாவில் கம்பெனியே நேரடியாக இறக்கவில்லை. இறக்குமதி செய்து விற்கும் கடைகளில்தான் நம் ஆட்கள் வாங்கினார்கள். அப்படி வாங்கினால் “வாரண்டி” என்று கடைக்காரர் சொல்வது அந்தக் கடையின் வாரண்டி. பில்லில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை மாதம், குச்சிக்கும் உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆசஸ், லெனோவா இரண்டும் இங்கே சர்வீஸ் சென்டர் வைத்திருக்கும் கம்பெனிகள். அந்த விஷயத்தில் அவற்றுக்கு ஒரு மார்க் கூடப் போட வேண்டும்.

சிக்னல் இல்லாத இடத்தில்

விஜயவாடா தாண்டினால் காட்டுக்குள் எத்தனை இடத்தில் டவர் இல்லை என்பது அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும். கேம் கருவி நெட் இல்லாமல் ஓட வேண்டும். சுவிட்ச் கேம்கள் சின்ன அட்டையாகக் கிடைக்கும். செருகினால் ஓடும், ஆடி முடித்ததும் விற்றுவிடலாம், நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம். பட்ஜெட் ஆட்களுக்கு இது பெரிய வரம். (அந்த அட்டையில் வேண்டுமென்றே கசப்பு மருந்து தடவியிருக்கிறார்கள், குழந்தைகள் வாயில் போடாமல் இருக்க. எங்கள் ரூமில் ஒருவன் நக்கிப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் துப்பிக்கொண்டிருந்தான்.) ஆனால் சுவிட்ச் 2-இன் சில அட்டைகளில் கேம் இருக்காது, திறவுகோல் மட்டும்தான் இருக்கும், முதல் தடவை நெட்டில் முழுசாக இறக்கிக்கொள்ள வேண்டும். வாங்கும்போது அட்டைப் பெட்டியின் கீழ்ப்பகுதியில் அதைப் போட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள்.

ஸ்டீம் டெக்கில் ஆப்லைன் முறை உண்டு. கிளம்புவதற்கு முன் வைபை இருக்கும் இடத்தில் ஒவ்வொரு கேமையும் ஒரு தடவை திறந்து, அது ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும். விண்டோஸ் போட்ட கருவிகளில் எனக்குப் பிடிக்காத விஷயம் தூக்கம். டிக்கெட் பரிசோதகர் வந்தால், ஸ்டேஷன் வந்தால், டீ வந்தால் சட்டென்று பட்டனை அமுக்கி நிறுத்த வேண்டும்; திரும்ப அமுக்கினால் விட்ட இடத்திலிருந்து ஓட வேண்டும். சுவிட்சும் டெக்கும் இதைச் சுத்தமாகச் செய்கின்றன. விண்டோஸ் சில சமயம் தூங்குவதுபோல் பாவனை செய்து பைக்குள்ளேயே சூடாகிக்கொண்டிருக்கும். அப்டேட் வேறு, நேரங்காலம் பார்க்காமல் வந்து நிற்கும்.

ஆக என் தீர்ப்பு

ஸ்லீப்பரில், பஸ்ஸில், மாதம் நாலைந்து தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது சுவிட்ச் லைட். குச்சி பலவீனம் தெரிந்தேதான் சொல்கிறேன். அமெரிக்காவில் வெளியானபோது 199.99 டாலர், ஓ.எல்.இ.டி. மாடலோ 349.99 டாலர். செகண்ட் ஹேண்டில் லைட் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் இன்னும் விசேஷம். கை பெரிதாக இருக்கிறவர்களும், கண்ணாடி போட்டவர்களும் பணம் இருந்தால் ஓ.எல்.இ.டி. மாடலுக்குப் போகலாம், 5.5 அங்குலத் திரையில் சில கேம்களின் எழுத்து எறும்புபோல இருக்கும்.

ஒரு தடவை போனால் மூன்று வாரம், ஒரு மாதம் என்று சைட்டில் தங்குகிறவர்களின் நிலைமை வேறு. அவர்களுக்குப் பயணம் இரண்டு நாள், லாட்ஜ் ரூம் இருபது நாள். ரூமில் பிளக் பாயிண்ட் உண்டு, வாட் கணக்கு அவ்வளவு இறுக்காது. அவர்கள் ஸ்டீம் டெக் ஓ.எல்.இ.டி. மாடலைப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் கேம்கள் ஸ்டீமில் அடிக்கடி பாதி விலைக்கும் கீழே வரும், தேவைப்பட்டால் டெஸ்க்டாப் முறையில் மாற்றிக் கீபோர்டு மாட்டி ரிப்போர்ட்கூட அடிக்கலாம். ஆனால் ரயிலில் ஆடும்போது வாட்டைக் கட்டுப்படுத்தும் வசதியைத் திறந்து எட்டு வாட்டில் பூட்டிவையுங்கள். பவர் பேங்க் 20,000 எம்.ஏ.ஹெச். இருக்கட்டும், அது 45 வாட் தரக்கூடியதா என்றும் பாருங்கள். கருவி இழுப்பதைவிடக் குறைவாகத் தந்தால் ஆட ஆட சார்ஜ் இறங்கிக்கொண்டே போகும்.

40 வாட்-அவர் விண்டோஸ் கருவிகளைப் பயணத்துக்கென்று யாரும் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அவை வீட்டில் சோபாவில் உட்கார்ந்து ஆட நல்ல கருவிகள். 80 வாட்-அவர் மாடல் தேவலை. அதன் விலையைச் சொன்னால் எங்கள் அப்பா என்னை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்.

திருவிழாக் கடைகளிலும் மொபைல் கடைகளிலும் தொங்கும் “400 இன் 1” கருவியைப் பலர் கேலி செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். பழைய பட்டன் போனில் வந்ததுபோன்ற பேட்டரி, கழற்றி மாற்றலாம், தொலைந்தாலும் தூக்கம் கெடாது. அதில் இருப்பவை பெரும்பாலும் உரிமை வாங்காமல் அடைத்த பழைய கேம்கள் என்பதுதான் குறை. முதல் ஆறு மாதச் சம்பளம் வீட்டுக் கடனுக்குப் போகிறவர்கள் ஒன்றுமே வாங்காமல் இருக்கலாம். சீட்டுக்கட்டுக்குச் சார்ஜ் வேண்டாம், எதிர் சீட்டில் ஆளும் கிடைப்பார்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை: கருவியை மேஜை மேல் மல்லாத்தி வையுங்கள், முதுகு சமமாக உட்காராமல் ஆடினால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம், வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். செட்டிங்கில் குச்சியைச் சரிபார்க்கும் திரை இருக்கிறது. அதைத் திறந்து குச்சியை எல்லாப் பக்கமும் சுற்றிவிட்டுக் கையை எடுங்கள். திரையில் உள்ள புள்ளி தானாக நடுவுக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும். சார்ஜ் போட்டு ஐந்து நிமிஷமாவது பாருங்கள், அட்டையைச் செருகி எடுத்துச் செருகிப் பாருங்கள். பழைய சொந்தக்காரரின் கணக்கு அதில் இருந்தால் உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். வாங்கினபின் பரீட்சை சமயத்தில் பீரோவில் பூட்டி வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது எடுத்து ஏற்றுங்கள். பூஜ்யத்தில் விட்டால் லித்தியம் செல் திரும்ப எழுந்திருக்காமலே போகலாம்.